நாலு விரல் உயரம்

வீட்டுக்குள் புதிதாக ஒரு நடைச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. ஒரு கால் வழக்கம்போல மெல்ல விழும். அடுத்த கால் தரையைச் சப்பென்று அறையும். அடுப்படிக்கும் பட்டறைக்குமாக அந்தச் சத்தம் போய் வந்துகொண்டிருந்ததை நெட்டையண்ணன் கேட்காமல் இல்லை. செருப்பு வார் அறுந்திருக்கும், வேண்டுமென்றால் மனைவியே சொல்லட்டும் என்று இருந்துவிட்டார். கேட்டால் இல்லையென்று சொல்கிற ஆள் இல்லை அவர். ஆனால் கேட்காத ஒன்றைத் தானாகக் கவனித்துச் செய்கிற வழக்கமும் அவருக்குக் கிடையாது. அவரைக் கெட்டவர் என்று தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். நல்லவர் என்று சொல்வதற்கு முன்னால்தான் அவர் மனைவி கொஞ்சம் யோசிப்பாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, நிலைப்படிக்குக் குனிந்து நுழைகிற உயரத்தைப் பார்த்துத் தெரு வைத்த பெயர் நெட்டையண்ணன். மோட்டார் சைக்கிளுக்குச் சீட்டு செய்வது தொழில். முன்பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை, பின்பக்கம் இரண்டு அறை வீடு. நடுவில் கதவு இல்லை, ஒரு திரைதான். அதனால் பசை வாடை சோற்றுப் பானை வரைக்கும் வரும். வெங்காயம் வதங்குகிற வாடை வாடிக்கையாளரின் மூக்கு வரைக்கும் போகும். அறுத்த ஃபோமின் தூள் அண்ணனுடைய புருவத்தில் எப்போதும் வெள்ளையாகப் படிந்திருக்கும். அவர் ஃபோமைச் செதுக்க, அதற்கு ரெக்சின் உறை தைப்பது அவர் மனைவி. எல்லோருக்கும் அவள் தையலக்கா. மோட்டார் வைத்த கனத்த மெஷின் அவளுடையது. வலது பாதத்தால் மிதியை அமுக்கினால் ஊசி ஓடும், நுனிக்காலைத் தூக்கினால் நிற்கும். அவள் தைத்த தையலில் கோணல் பார்த்தவர் கிடையாது.

அவர்களைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் க்ரூசர் வண்டிக்காரர்கள். சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் மாட்டியதுபோலத் தாழ்வாக, அகலமாக இருக்கும் அந்த வண்டி. கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது ராஜபோகம்தான். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகுதான் முட்டி கடுக்கும், பாதம் மரத்துப்போகும், இடுப்பு கழன்றுவிடும்போல இருக்கும்.

"கண்ணால வாங்குறான், காலால அழுவுறான்" என்பார் அண்ணன். ஓட்டும்போது போடுகிற அதே பூட்ஸோடு வரச் சொல்லுவார். வண்டியில் உட்காரவைத்து, தொடைக்குக் கீழே கையை விட்டுப் பார்ப்பார். முட்டி எவ்வளவு மடங்குகிறது, குதிகால் எங்கே விழுகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போடுவார். ஒருவருக்கு ஃபுட்ரெஸ்ட்டை முன்னால் தள்ளச் சொல்லுவார். ஒருவருக்குக் குச்சி ஃபுட்ரெஸ்ட்டை எடுத்துவிட்டுப் பாதம் முழுக்கப் பதிகிற பலகை போடச் சொல்லுவார். நெடுஞ்சாலையில் காலை நீட்டிக்கொள்ள, எஞ்சினுக்கு முன்னால் இருக்கிற கம்பியில் ரப்பர் சுற்றிக் கொடுப்பார். இவ்வளவு அளவும் கைப்பிடி பிடிக்கிறவருக்குத்தான். பின்னால் உட்காருகிறவரை அவர் வண்டியில் ஏற்றிப் பார்த்ததே இல்லை.

"வீட்டுக்காரியும் கூட வருவாங்களேண்ணே, அவங்களுக்கு அளவு?" என்று ஒரு ரொட்டிக்கடைக்காரர் போன மாதம் கேட்டார்.

"பின் சீட்டு கொசுறுங்க. அதுக்குத் தனியா நான் ஒண்ணும் வாங்குறதும் இல்ல, அளவு எடுக்குறதும் இல்ல. ஓட்டுறவன் நல்லா இருந்தா பின்னாடி இருக்கிறவங்க தானா நல்லா இருப்பாங்க."

ரொட்டிக்கடைக்காரர் சிரித்தார். திரைக்கு அந்தப் பக்கம் மெஷின் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

அந்த ரொட்டிக்கடைக்காரரின் சீட்டு உறையைத்தான் அன்றைக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். விடாத மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேசுவது கேட்காது, ஆனால் மெஷின் சத்தம் கேட்கும். நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்காமல் கடகடவென்று ஓடியது. அண்ணன் கத்தியைப் போட்டுவிட்டுத் திரையை விலக்கினார். பழுப்பு ரெக்சினின் நட்டநடுவில், ஓரத்தோடு வளைந்து போக வேண்டிய தையல் நேரே குறுக்கே போயிருந்தது. ரெக்சினில் ஊசி குத்தினால் குத்தியதுதான், பிரித்தாலும் ஓட்டை போகாது.

"கண்ணை எங்க வச்சுக்கிட்டுத் தைக்கிற? ஒரு முழு உறை போச்சு! அந்த ஆளு நாளைக்கு வந்து நிப்பானே, என் தலையைக் கொடுக்கட்டுமா?"

அவள் இரண்டு கையாலும் வலது முழங்காலைப் பிடித்துத் தூக்கி, பாதத்தை மிதியிலிருந்து எடுத்து அப்பால் வைத்தாள்.

"கால் எடுக்க வரலைங்க."

"எடுக்க வரலைன்னா?"

"அமுக்க வருது. தூக்க வரல." அவள் காலை நீட்டிக் காண்பித்தாள். கணுக்காலுக்குக் கீழே பாதம் தொங்கியது. "பெருவிரலை மேல தூக்கணும்னு நெனைக்கிறேன். நெனைக்கத்தான் முடியுது."

"எத்தனை நாளா?"

"மொதல்ல மரத்துத்தான் போச்சு. மரத்ததுதானேன்னு விட்டுட்டேன்."

சப்பென்ற சத்தம் செருப்பிலிருந்து வரவில்லை என்பது அண்ணனுக்கு அப்போது புரிந்தது. கத்தியதற்காக வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்க, "சொல்ல மாட்டியா நீ, கல்லுளிமங்கன் மாதிரி இருந்தா யாருக்குத் தெரியும்?" என்று இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகக் கத்தினார்.

மழை விட்டதும் டாக்டரிடம் கூட்டிப் போனார். எதில் கூட்டிப் போனார் என்றால் அவருடைய க்ரூசரில்தான்.

டாக்டர் வயதில் சின்னப் பெண். தையலக்காவின் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, "இதை என் கைக்கு எதிரா தள்ளுங்க" என்றாள். பாதத்தின் மேல்பக்கம் பஞ்சால் தடவி, "தெரியுதாம்மா?" என்று கேட்டாள். பிறகு முட்டிக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே துருத்திக்கொண்டிருக்கிற குமிழ் எலும்பை விரலால் தட்டினாள். தையலக்கா துள்ளி விழுந்தாள்.

"இங்கதான். இந்த எலும்பை ஒட்டி ஒரு நரம்பு போகுது. பாதத்தைத் தூக்குறது அதோட வேலை. முட்டியை ரொம்ப நேரம் நல்லா மடக்கியே வச்சிருந்தா அது நசுங்கிடும். தோட்டத்துல குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வேலை பாக்குறவங்களுக்கு வரும். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"தையல் வேலை டாக்டர்."

"மெஷின்ல உட்கார்ந்தா முட்டி இவ்வளவு மடங்காதே. குத்துக்கால் போட்டு உட்கார்ற மாதிரி வேற ஏதாவது? மணிக்கணக்கா? பக்கத்துல ஏதாவது இந்த இடத்துல அழுத்துற மாதிரி?"

தையலக்கா அண்ணன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"துணி வெட்டுறது தரையில உட்கார்ந்துதான் டாக்டர். குத்துக்கால் போட்டுத்தான் வெட்டுவேன்."

"அதான். அதை இன்னைக்கோட நிறுத்துங்க. காலுக்கு ஒரு பட்டை தர்றேன், நடக்கும்போது பாதம் தொங்காம பிடிச்சுக்கும். பயிற்சி சொல்றேன், வீட்டுல இருக்கிறவங்க தினமும் பிடிச்சுச் செய்யணும்."

"சரியாயிடுமா?" என்று அண்ணன் கேட்டார்.

"பெரும்பாலும் ஆயிடும். எப்பன்னு சொல்ல முடியாது, மாசக்கணக்கா ஆகலாம். சிலருக்கு முழுசா வராமலும் போயிருக்கு. மடக்குறதை விட்டாத்தான் வரும்."

தையலக்கா தரையில் உட்கார்ந்து ஒரு முழத் துணிகூட வெட்டியதில்லை. பட்டறையில் அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு வெட்டு மேஜை இருக்கிறது. கல்யாணமான வருடம் அண்ணன் தன் கையால் செய்து கொடுத்தது. அவள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தவரை என்னவென்று சொல்வது? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அண்ணனுக்குக் குறுகுறுக்கவில்லை, அடைத்தது.

வெளியே வந்ததும், "வாடகை வண்டி ஏதாவது பிடிக்கட்டுமா?" என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"எதுக்கு, பக்கத்துலதானே" என்று சொல்லிவிட்டு அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். வலது பாதத்தைக் கையாலேயே தூக்கி ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தாள். அண்ணன் வண்டியைக் கிளப்பினார். அவருடைய இரண்டு காலும் முன்னால் சுகமாக நீண்டிருந்தன. அந்தச் சுகம் அன்றைக்குத்தான் அவருக்கு முதல்முறையாக உறுத்தியது.

அந்த வண்டியின் கதை இதுதான். வாரா வாரம் துறைமுக ஊரில் இருக்கிற கடைக்குத் தைத்த சீட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, ரெக்சின் சுருள் வாங்கிவர வேண்டும். போக அரை நாள், வர அரை நாள். நிறம் பார்த்து, இழுத்துப் பார்த்து ரெக்சின் எடுப்பது தையலக்காதான் என்பதால் அவளும் போயாக வேண்டும். போகும்போது சீட்டு மூட்டை, வரும்போது சுருள். இரண்டையும் வண்டியின் வலது பக்கம்தான் கட்டுவார். அவள் முட்டி மூட்டைக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கும்.

முன்பெல்லாம் ஊர் திரும்பியதும் அண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவ்வளவு நெடிய காலுக்கு அந்த வண்டியின் அளவு போதவில்லை. தையலக்கா எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவாள். "ஊருக்கெல்லாம் கால் பாக்குறீங்க, உங்க காலுக்கு ஏதாவது பண்ணிக்கக் கூடாதா?" என்று சொன்னவளும் அவள்தான். அதன் பிறகுதான் அண்ணன் வேலையில் இறங்கினார். அவள் தம்பி லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் தகடு கடைந்து வாங்கி ஃபுட்ரெஸ்ட்டை ஒரு சாண் முன்னால் தள்ளினார். காலை நீட்டியதும் இடுப்பு பின்னால் சரிந்தது. இடுப்புக்கு முட்டுக் கொடுக்க நல்ல கெட்டியான ஃபோம் தேவைப்பட்டது. அவ்வளவு கெட்டியானது கடையில் கிடைக்கவில்லை. பின் சீட்டில் இருந்தது. அதில் நாலு விரல் உயரத்துக்கு வெட்டி எடுத்துத் தன் இடுப்புக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். பின் சீட்டு தாழ்ந்தது. பின்னால் இருக்கிற ஃபுட்ரெஸ்ட் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்கு உறை தைத்தவள் தையலக்கா. அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, "பின்னாடி உயரம் குறைஞ்சிருக்கே, முட்டி மேல வராதா?" என்று கேட்டாள். "பார்வைக்கு அப்படித் தெரியும். உட்கார்ந்தா பழகிடும்" என்றார் அண்ணன். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று ஒரு பழமொழி வேறு சொல்லிச் சிரித்தார்.

இதெல்லாம் அவருக்கு டாக்டரின் அறையிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மறுநாள் லேத்துக்காரன் அக்காவைப் பார்க்க வந்தான். ஆள் அக்காவைவிடக் குட்டை, வாய் மட்டும் ஆளைவிட நீளம். பட்டை கட்டிய காலைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டான்.

"மேஜை இருக்கும்போது தரையில என்னக்கா வேலை உனக்கு? மாமா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா கேக்குறாளா?" என்றார் அண்ணன். வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. தையலக்கா தட்டில் முட்டையும் ரொட்டியும் வைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. புருஷனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தம்பிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். சப், சப் என்று கால் போய் வந்தது.

அவள் சொன்ன பொய் அவரைக் காப்பாற்றத்தான். அவர் சொன்னது அவளையே குற்றவாளியாக்கியது. இரண்டு நாள் கழித்து லேத்துக்காரன் இரும்பில் ஒரு ஸ்டூல் செய்து கொண்டுவந்தான். உயரமான ஸ்டூல், கால் வைத்துக்கொள்ள வளையம், சுழல்கிற உட்காருமிடம். "இதுல உட்கார்ந்து வெட்டு. தரையில உன்னைப் பாத்தேன், காலை உடைச்சிடுவேன்" என்று அக்காவை மிரட்டினான். தையலக்கா உட்கார்ந்து பார்த்து, "நல்லா இருக்குடா" என்றாள். அண்ணன் அதற்கு மெத்தை தைத்துத் தருவதாகச் சொன்னார்.

வாரம் வந்தது. துறைமுக ஊருக்குப் போக வேண்டும். தையலக்கா எந்த ரெக்சின் எடுக்க வேண்டும் என்று துண்டு வெட்டிக் கொடுத்தாள். அண்ணன் லேத்துக்காரனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, நீ வண்டியை ஓட்டு. நான் பின்னாடி உட்கார்றேன்."

"எனக்கெதுக்கு மாமா இந்த யானை? நீங்களே ஓட்டுங்க, நான் பின்னாடி தூங்கிக்கிட்டு வர்றேன்."

"ஓட்டுன்னா ஓட்டேன்."

லேத்துக்காரன் ஏறி உட்கார்ந்தான். அண்ணனுடைய காலுக்குத் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட் அவனுக்கு எட்டவில்லை. பெட்ரோல் டேங்கை ஒட்டி நகர்ந்து, நுனி விரலால் பிரேக்கைத் தேடினான். "இது வண்டியா மாமா, தொட்டிலா? நான் படுத்துக்கிட்டுத்தான் ஓட்டணும்போல. இந்தத் தகடை நான்தான் கடைஞ்சேன்னு வெளியில சொல்லிடாதீங்க" என்று புலம்பிக்கொண்டே கிளப்பினான். அண்ணன் பின்னால் மடங்கி உட்கார்ந்தார். வலது பக்கம் சீட்டு மூட்டை.

தெருமுனை தாண்டும்வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடைவீதி தாண்டியதும் முட்டி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது அவர் மார்புக்கு வந்து நின்றது. பின்னால் நகரலாம் என்று பார்த்தால் இடமில்லை. முன்னால் அவருடைய இடுப்புக்கு அவரே வைத்த முட்டு உயரமாக நின்று வயிற்றில் இடித்தது. காலை வெளியே எடுத்துத் தொங்கப்போடலாம் என்றால் மூட்டை விடவில்லை. வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் மூட்டையின் ஓரம் முட்டிக்கு வெளிப்பக்கம் அந்தக் குமிழ் எலும்பில் வந்து குத்தியது. டாக்டர் தட்டிய அதே இடம். மழை பிடித்துக்கொண்டது. லேத்துக்காரன் நிற்காமல் ஓட்டினான்.

முன்பு இதே சாலையில் அவர் எப்படிப் போவார் என்று அண்ணனுக்கு நினைவு வந்தது. அலுத்தால் காலை ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து எடுத்து எஞ்சின் கம்பியில் போட்டுக்கொள்வார். அது அலுத்தால் மறுபடி ஃபுட்ரெஸ்ட். பழைய பாட்டு ஒன்றை உரக்கப் பாடுவார். பின்னால் சத்தமே இருக்காது. தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார்.

"மாப்ள, நிறுத்து."

"என்ன மாமா, ஒண்ணுக்கா?"

"நிறுத்துடா!"

ஒரு பெட்ரோல் நிலையத்தின் கூரைக்குக் கீழே நிறுத்தினான். அண்ணன் இறங்கக் காலை வீசினார். கால் வந்தது, நிற்கவில்லை. அத்தனை உயரமும் அப்படியே மடிந்து ஈரத் தரையில் உட்கார்ந்தது. லேத்துக்காரன் பதறிக் கையைப் பிடித்தான்.

"மாமா! என்னாச்சு?"

"உங்க அக்கா தரையில உட்கார்ந்து துணி வெட்டுனதே இல்லடா."

"என்ன?"

"அவ பொய் சொன்னா. நானும் சேர்ந்து சொன்னேன். இதுலதான்டா போச்சு அவ காலு. இந்தச் சீட்டுல." உட்கார்ந்த இடத்திலிருந்தே பின் சீட்டைக் கையால் அறைந்தார். "அவ சீட்டுல இருந்து வெட்டி எனக்கு வச்சுக்கிட்டேன். குத்துக்கால் போட்டு உட்கார வச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்திருக்கேன், வாராவாரம்."

லேத்துக்காரன் பின் சீட்டைப் பார்த்தான், முன் சீட்டைப் பார்த்தான். உள்ளங்கையை வைத்து உயரம் பார்த்தான். கடைசல் வேலைக்காரன், அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவதானேடா உறை தைச்சா."

"அப்ப எனக்குத்தான் தெரியாது." அவன் தலையில் அடித்துக்கொண்டான். "பெரிய இவனாட்டம் ஸ்டூல் செஞ்சு கொடுத்தேன். காலை உடைச்சிடுவேன்னு வேற சொன்னேன். நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு, மெத்தை தைச்சுத் தர்றேன்னு சொல்றீங்க! எப்படி மாமா வாய் வந்தது?"

பெட்ரோல் போடுகிற பெண் குழாயைக் கையில் பிடித்தபடி இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடிக்கணும்னா அடிச்சுக்கோ மாப்ள."

"அடிச்சா உங்களுக்கு நல்லா இருக்கும். எந்திரிங்க."

"எதுக்கு?"

"சரக்குக் கொடுக்க வேணாமா? ஏறுங்க."

"நான் ஓட்டுறேன்டா. உனக்குத்தான் கால் எட்டலையே."

"எனக்கு எட்டுது. பாதி வழிதான் மாமா வந்திருக்கோம். பின்னாடி ஏறுங்க."

ஏறினார். போகிற மீதி வழியும், ரெக்சின் சுருளை வலது பக்கம் கட்டிக்கொண்டு திரும்பி வருகிற முழு வழியும் அண்ணன் பின்னால்தான் உட்கார்ந்து வந்தார். லேத்துக்காரன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தது அந்தத் தெருவின் வரலாற்றிலேயே அதுதான் முதல்முறை.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து இறங்கினார்கள். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். தையலக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். இடது காலால் மிதித்துத் தைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு பழைய துண்டில் போட்ட தையல், எழுதப் பழகுகிற பிள்ளையின் கையெழுத்துபோலக் கோணிக்கொண்டு போயிருந்தது. நொண்டிக்கொண்டு வருகிற புருஷனைப் பார்த்தாள், பின்னாலேயே வந்த தம்பியின் முகத்தையும் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா அவன்கிட்ட?"

"சொல்லிட்டேன்."

"ஏன்க்கா பொய் சொன்ன?" என்றான் லேத்துக்காரன்.

"டாக்டர் கேட்டப்ப இவரு மூஞ்சியைப் பாத்திருந்தா நீயும் சொல்லியிருப்பே." அவள் நூலைக் கடித்து அறுத்தாள். "ஆனா நீ வந்து கேட்டப்ப, சொன்னா கேக்குறாளான்னு சொன்னாரு பாரு. அன்னைக்குத்தான்டா எனக்கு வலிச்சது. கால் எப்பவோ மரத்துப் போச்சு. அதுல வலி ஒண்ணும் தெரியல."

அதைவிட அவள் அழுதிருக்கலாம், திட்டியிருக்கலாம் என்று அண்ணனுக்கு இருந்தது. அவள் எழுந்து, சப், சப் என்று போய்ச் சோற்றை எடுத்து வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் அண்ணன் வண்டியைப் பட்டறையின் நடுவில் நிறுத்தி, சீட்டைக் கழற்றிப் பிரித்தார். தன் இடுப்புக்கு முட்டுக் கொடுத்த ஃபோமை அடியோடு அறுத்தார். பின் சீட்டுக்குப் புது ஃபோம் ஒட்டி, செதுக்கி, மறுபடி ஒட்டினார். லேத்துக்காரன் பின்னால் மாட்டுவதற்கு அகலமாக இரண்டு கால் பலகை வெட்டிக் கொண்டுவந்தான். எந்த உயரத்தில் மாட்டுவது என்று அளவு வேண்டும். இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். யார் கூப்பிடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவளே வந்தாள்.

"இனிமே நான் இதுல ஏறுவேனான்னு எனக்கே தெரியாது" என்றாள்.

"அது எனக்கும் தெரியும்" என்றார் அண்ணன். "அளவுதான். ஏறலைன்னாலும் பரவாயில்ல."

தம்பி கையைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். இடது காலை அவளே தொங்கவிட்டாள். வலது பாதம் பட்டையைக் கழற்றியதும் துவண்டு கீழே பார்த்தது. அது எங்கே நிற்கும் என்று அதற்கே தெரியாது; எதில் வைத்து அளவு எடுப்பது? அண்ணன் தரையில் மண்டியிட்டார். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அவள் பாதத்துக்கு அடியில் கொடுத்து, பலகைபோலத் தாங்கிப் பிடித்தார். பாதம் சில்லென்று இருந்தது. பெருவிரல் நகத்தை ஒட்டி மெஷின் மிதி இடித்த பழைய தழும்பு ஒன்று இருந்தது. அது அவருக்கு இத்தனை வருஷத்தில் தெரியாது.

"இங்கயா?"

"இன்னும் கீழ."

"இப்ப?"

"முன்னால கொஞ்சம். அவ்வளவு இல்ல. குதிகாலுக்கு இடம் இல்லாம இருக்கு."

அவள் வாயிலிருந்து இப்படிக் குறை வந்து அவர் கேட்டதில்லை. கையைத் தாழ்த்தினார், நகர்த்தினார். லேத்துக்காரன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு குனிந்தான். மண்டியிட்ட முட்டி நேற்றைய கடுப்போடு சேர்ந்து வலித்தது. இனியும் சொல்லாமல் இருக்க முடியாது என்று அண்ணனுக்குத் தோன்றியது.

"இந்தா பாரு, என்னை..."

"வேணாங்க."

"ஒரு தடவை சொல்லிக்கிறேனே."

"வேணாம். நீங்க மன்னிப்புக் கேட்டா நான் சரி விடுங்கன்னு சொல்லிடுவேன். எனக்கு வேற சொல்ல வராது, உங்களுக்கே தெரியும்." குரலில் கோபம் இல்லை. ரெக்சின் நிறத்தைச் சொல்கிற குரல்தான். "சொன்னதும் உங்களுக்கு மனசு லேசாயிடும். சாயங்காலம் பாட ஆரம்பிச்சிடுவீங்க. எனக்குக் கால் இப்படியேதான் தொங்கும். அதனால கேக்காதீங்க. காலு தூக்கட்டும், அப்பக் கேளுங்க."

லேத்துக்காரன் கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டே தரையில் சாக்பீஸ் தேடினான்.

"தூக்கலைன்னா?" என்று கேட்டார் அண்ணன்.

அவள் தன் பாதத்தைப் பார்த்தாள். அதைத் தாங்கியிருந்த கைகளையும் பார்த்தாள். பெருவிரலைத் தூக்க முயற்சி செய்திருப்பாள்போல, நெற்றியில் ஒரு சுருக்கம் வந்து போனது. விரல் அசையவில்லை.

"தூக்கலைன்னா கேக்காதீங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம் கீழ."

அண்ணன் கையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார். "அசையாம பிடிங்க மாமா, கோடு போடணும்" என்றான் லேத்துக்காரன். அவர் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.